எவ்வளவு கொடுக்குது?

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பிறக்கும்போது நம்மைப் போலத்தான் பிறக்கிறார்கள். பல் முளைக்கிறது, பள்ளிக்கூடம் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், மாமனார் வீட்டில் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள். எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு நாள் புதுக் கார் வாங்குவார்கள். தீர்ந்தது. அன்றிலிருந்து அவர்களுக்குக் கேட்பதற்கு ஒரே கேள்விதான், சொல்வதற்கு ஒரே பதில்தான். கேள்வி: "எவ்வளவு கொடுக்குது?" பதில்: "இன்னும் செட்டாகலை."

இவர்களுக்குக் கொடுக்குதுக்காரர்கள் என்று நானே பெயர் வைத்துவிட்டேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று முழு வாக்கியமாக இவர்கள் கேட்பதில்லை. அவசியமும் இல்லை. கறவை மாட்டைப் பற்றி விசாரிக்கிற அதே குரலில் "எவ்வளவு கொடுக்குது?" என்றால் போதும், கேட்கப்பட்டவருக்குப் புரிந்துவிடும். கார் கொடுக்கும், இவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இவ்வளவு தாராளமான ஒரு வினைச்சொல்லை இவ்வளவு கஞ்சத்தனமான காரியத்துக்கு வேறு யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா?

நம்மவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். லிஃப்டுக்குள் ஏறினால் நாமெல்லாம் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொள்வோம்; இவர் சுவரில் உள்ள தகட்டைப் பார்ப்பார். எத்தனை பேர், எத்தனை கிலோ என்று எழுதியிருக்குமே, அந்தத் தகட்டை. எதிரே வருகிறவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார். அது ஒரு வரம். அந்த வரத்தால் நெடுங்காலம் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. பிறகு கார் வந்தது.

சாவியைக் கையில் கொடுத்த ஷோரூம் பெண் சும்மா இருந்திருக்கலாம். "முதல் சர்வீஸ் வரைக்கும் கொஞ்சம் பாத்து ஓட்டுங்க சார். புது இன்ஜின், பழகணும்" என்று சொல்லிவிட்டாள். கூடவே வந்த கையேட்டிலும் அது இருந்தது. ரொம்ப வேகமாக ஓட்டாதீர்கள் என்று ஒரு வரி. ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள் என்று அடுத்த வரி. முதல் வரி அவருக்கு வேதவாக்கானது. இரண்டாவது வரி அச்சுப்பிழையாக இருக்கும் என்று முடிவு செய்தார். அன்று முதல் அவருடைய கார் ஒரே வேகத்தில்தான் போயிற்று. அந்த வேகத்தைச் சொன்னால் சைக்கிள்காரர்கள் வருத்தப்படுவார்கள்.

பெட்ரோல் பங்கில் அவரைப் பார்க்க வேண்டும். டாங்கை விளிம்பு வரை நிரப்பினால்தானே அளவு சரியாகத் தெரியும்? ஆகவே குழாய் தானாக நின்ற பிறகும், "இன்னும் கொஞ்சம்" என்பார். உள்ளே காற்று நின்றுவிடக் கூடாது என்று மனைவியைக் கீழே இறக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு காரை ஆட்டுவார்கள். அழுகிற பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி, நிதானமாக. பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கும். அவர் காதில் விழாது. மனைவி காதில் விழும்.

ஸ்டெப்னி டயர் வீண் பாரம் என்று கழற்றிக் கூடத்தில் வைத்தார். அது சோபா பக்கத்தில், வந்த விருந்தாளி போல, கிளம்புகிற உத்தேசமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும், ஆகவே போட மாட்டார். கண்ணாடியை இறக்கினால் காற்று தடுக்கும், ஆகவே இறக்க மாட்டார். உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வது? அதைப் பற்றிக் கையேட்டில் ஒன்றும் இல்லை. பிரேக் அவரைப் பொறுத்தவரை ஒரு தோல்வி. எரித்த பெட்ரோலை மண்ணில் கொட்டுகிற காரியம். தூரத்தில் சிக்னல் சிவப்பானால் உடனே காலை எடுத்துவிட்டு, உருண்டு உருண்டு, அது பச்சையாவதற்குள் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வார்.

"ஏங்க, கடலைப் பாத்துட்டு வரலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"முதல் சர்வீஸ் முடியட்டும்."

"மழை வர மாதிரி இருக்கு. மார்க்கெட் வரைக்குமாவது?"

"கிட்டக்க போனா இன்ஜின் சூடாகாதும்மா. சூடாகாத இன்ஜின் ரொம்பக் குடிக்கும். முதல் சர்வீஸ் முடியட்டும்."

தூரமாகவும் போகக் கூடாது, கிட்டத்திலும் போகக் கூடாது. அப்படியானால் இந்தக் காரில் எங்கேதான் போவது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

இந்த இனத்தை வாதத்தில் ஜெயிக்க முடியாது, முயற்சி செய்து மூக்கை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மைலேஜ் காட்டுகிற திரை எண்ணைக் குறைவாகக் காட்டினால், "புது வண்டிதானே, இன்னும் செட்டாகலை" என்பார்கள். அதிகமாகக் காட்டினால், "செட்டாகறதுக்கு முன்னாடியே இப்படின்னா, செட்டானப்புறம் பாருங்க" என்பார்கள். தலை விழுந்தாலும் ஜெயம், பூ விழுந்தாலும் ஜெயம்.

ஆனால் நம்மவருக்கு ஒரு சகலை இருந்தார். மனைவியின் அக்கா புருஷன். அதே காரை இரண்டு வருஷம் முன்னால் வாங்கியவர். எப்போது கேட்டாலும் ஓர் எண்ணைச் சொல்வார். அதைச் சொல்லிவிட்டு, "அதுவும் ஏசி போட்டு" என்பார். அந்த "அதுவும் ஏசி போட்டு" நம்மவரின் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த எண்ணைத் தாண்டிக் காட்ட வேண்டும். சகலையைக் காருக்குள் உட்காரவைத்து, ஒன்றும் பேசாமல், திரையை மட்டும் காட்ட வேண்டும். மனிதப் பிறவி எடுத்ததற்கு வேறென்ன வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் சகலை காரை விற்றார். அவரும் அக்காவும் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்த் தங்கிவிடப் போகிறார்கள். போனால் போனதுதான், திரும்பி வருகிற பேச்சில்லை.

மனைவிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவள் பால் பல் விழுவதற்கு முன்னாலேயே தாயை இழந்தவள். தலை வாரி விட்டது அக்கா. பரீட்சைக்கு எழுப்பி விட்டது அக்கா. அடித்ததும் அக்கா, அடித்துவிட்டுக் கூடவே அழுததும் அக்கா. பெட்டி கட்டுகிற நாளெல்லாம் போய்ப் பார்க்க நினைத்தாள். முதல் சர்வீஸ் முடியவில்லை. விமானம் ஏறுகிற அன்றாவது முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

இவர் உடனே சம்மதித்தார்! அவளுக்கே ஆச்சரியம். விமான நிலையத்துச் சாலை நேரான சாலை, வேகத்தடை கிடையாது, எண் நன்றாக ஏறும் என்பதும், சகலைக்குத் திரையைக் காட்ட இதுதான் கடைசி வாய்ப்பு என்பதும் அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே காரில், ஒரே இடத்துக்கு, வெவ்வேறு காரியமாகக் கிளம்பினார்கள்.

அக்காவுக்கென்று அவளே பின்னிய கம்பளி ஒரு பையில் இருந்தது. அதை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இது ரெண்டு கிலோ இருக்குமே."

"அங்கே குளிருங்க."

"இல்ல, சும்மா சொன்னேன்."

கிளம்பினார்கள். முதலில் ஒரு தண்ணீர் லாரி முந்திப் போயிற்று. பிறகு பிள்ளைகள் நிறைந்த ஒரு பள்ளிக்கூட வேன். பிறகு ஓர் அமரர் ஊர்தி. உள்ளே படுத்திருந்தவருக்குக்கூட ஏதோ அவசரம் இருந்தது. நம்மவர் ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்துக்கொண்டு, முகத்தில் வேர்வை வழிய, பரம திருப்தியோடு போய்க்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அக்கா. "எங்கடி இருக்கே? உள்ள போகச் சொல்றாங்கடி."

"இதோ வந்துட்டேன்க்கா. போயிடாதேக்கா." போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "கொஞ்சம் அழுத்துங்களேன்."

"அழுத்தினா ஆவரேஜ் விழுந்துடும்மா. வீட்லேர்ந்து கட்டிக் காப்பாத்திக்கிட்டு வர்றேன்."

"அக்கா போயிடுவாங்க!"

"விமானம் என்னிக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கு? நீ பதறாதே."

அடுத்த சிக்னலுக்கு வழக்கம்போல உருண்டு போனார்; அப்படியும் பச்சை விழவில்லை, நிற்க வேண்டியதாயிற்று. அவள் கதவைத் திறந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். இறங்கி, பக்கத்தில் நின்ற டாக்சியின் கண்ணாடியைத் தட்டினாள்.

டாக்சிக்காரர் புத்தம் புதுக் காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்லப்பா. மைலேஜ்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு, தலையை வெளியே நீட்டி, நம்மவரிடம் மரியாதையாகக் கேட்டார்: "எவ்வளவு சார் கொடுக்குது?"

பெண்டாட்டி நடுரோட்டில் இறங்கிப் போகிறாள். நம்மவர் வாய் திறந்தது. "இன்னும் செட்டாகலை."

பச்சை விழுந்தது. டாக்சி பறந்தது.

கொஞ்ச தூரம் போனதும் திரையில் எண் ஒரு புள்ளி ஏறியது. பிறகு இன்னொரு புள்ளி. சகலையின் எண்ணைத் தாண்டிவிட்டது! அவருக்குச் சிரிப்பு வந்தது, ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார். எதனால் ஏறியது என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. பக்கத்து இருக்கையைப் பார்த்தார். மனைவி எத்தனை கிலோ என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு பாரம் இறங்கினால் எவ்வளவு ஏறும் என்றும் தெரியும். கணக்கு மிகச் சரியாக இருந்தது. அது சரியாக இருந்தது அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. அதற்காக அவர் வேகத்தைக் கூட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

போய்ச் சேர்ந்தபோது அவள் வாசல் தூண் ஓரமாக நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது, கையில் பை இல்லை.

"பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு நிமிஷம். கட்டிப் புடிச்சுக்கிட்டோம். ஒண்ணும் பேசலை, நேரமில்லை. உள்ள போயிட்டாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் நல்லவராக நின்றார். பிறகு முடியவில்லை. "சகலை என்னைக் கேட்டாரா?"

"கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"எவ்வளவு கொடுக்குதுன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் கொடுக்கலை அத்தான்னு சொன்னேன்."

திரும்பும்போது அவராகவே ஏசியைப் போட்டார். அவராகவே அழுத்தினார். எந்த அவசரமும் இல்லாத ஒரு சாலையில், வழியனுப்ப யாரும் மிச்சமில்லாத ஒரு மத்தியானத்தில், லாரியும் வேனும் பின்தங்கப் பறந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுவேதான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தாள். எண் சரசரவென்று இறங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இரண்டு தரம் பார்த்தார்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. இப்படியும் ஓர் ஆசாமி இருப்பானா என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அதுவும் நல்லது. ஒரே ஒரு சந்தேகம். அக்காவும் தங்கையும் இனி எப்போது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா? அல்லது, "அதெல்லாம் சரி, இந்த மனுஷன் இவ்வளவு எழுதினானே, கடைசி வரைக்கும் அந்த எண் என்னன்னு சொல்லவே இல்லையே" என்றுதான் மனசுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறதா?

அரித்தால் கூச்சப்படாதீர்கள். வண்டி எப்போது எடுத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை நான் பக்கத்து இருக்கையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.