முனுசாமிக்காக வாங்கிய மெமோ

வேறொரு கிரகத்தில் நடந்த அநியாயத்துக்காக இந்த பூமியில் மெமோ வாங்கிய ஒரே ஊழியர், எனக்குத் தெரிந்து, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு மைக்குதான்.

மைக்கு என்பது ஊர் வைத்த பெயர். வேலை, டைம்கீப்பர். எழுபதுகளில் பஸ் ஸ்டாண்டின் நடுவே ஒரு தகரக் கூண்டு இருந்தது. அதற்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதி, விசில் ஊதி, கூரைமேல் இருந்த குழாய் ஒலிபெருக்கியில் அறிவிப்பார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் மெமோ வந்த அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாளே மறந்தும் போனது.

மனிதர் காரணமில்லாமல் கோபப்பட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் எப்போதும் இருக்கும், மற்றவர் கண்ணுக்குத்தான் தெரியாது. "திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் வண்டி மூன்றாவது தடத்தில் நிற்கிறது. எதிர் ஓட்டல் சாம்பாரில் கிடப்பது முருங்கைக்காய் அல்ல, அதன் சக்கை. பயணிகள் ஏமாற வேண்டாம்" என்று ஒரே மூச்சில் அறிவித்தவர் அவர். மனிதன் நிலாவுக்குப் போய் வந்ததிலேயே அவருக்குக் குறை உண்டு. "அத்தினி தூரம் போயி கொடி நட்டுட்டு வந்துகிறான். ஒரு தென்னங்கன்னு நட்டா இன்னா கொறஞ்சிடும்?"

அப்போது எனக்குத் திருப்போரூரில் வீடு, செங்கல்பட்டு தாலுக்கா ஆபீசில் வேலை. வாழ்க்கையில் பாதி பஸ் ஸ்டாண்டில் நிற்பதிலேயே போயிற்று. நின்ற பாதியை நிரப்பியது, ஒரு வாரப் பத்திரிகையில் வந்த விஞ்ஞானத் தொடர்கதை. தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் என் சட்டைக் காலரைப் பிடிக்க ஆள் இருக்கிறது.

கதை இதுதான். பூமியிலிருந்து ஒரு விண்கலம், ஊதா நிற மண் கொண்ட ஒரு தூரத்துக் கிரகத்துக்குப் போகிறது. கேப்டன் ராஜ்மோகன், டாக்டர் மாலினி, தாடி வைத்த சில விஞ்ஞானிகள், இவர்களோடு சமையற்காரர் முனுசாமி. விண்கலத்தில் சமையற்காரர் எதற்கு என்று செங்கல்பட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. மற்றவர்களெல்லாம் மேடையில் பேசுவதுபோல் பேசுவார்கள். முனுசாமி மட்டும் "இன்னா சார், பசிக்குதா?" என்பார். எங்களுக்கு அது போதும். அந்தக் கிரகத்துக் கிழங்கில் அவர் காரக்குழம்பு வைத்த வாரம், எதிர் ஓட்டலில் மதியத்துக்குள் காரக்குழம்பு தீர்ந்துபோனது.

பத்திரிகை வியாழக்கிழமை காலை ரயிலில் வரும். கட்டைப் பிரித்ததும் முதல் பிரதி கூண்டுக்குள் போகும். மைக்கு படித்து முடித்து, சுற்றி நிற்பவர்களுக்குக் கதை சொல்வார். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் சொல்வார். அந்த நாகரிகம் அந்த ஒரு வியாழக்கிழமை வரைக்கும் இருந்தது.

அந்த வாரம், கிரகத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம். எரிபொருள் கசிந்துவிட்டது. எல்லோரும் ஏறினால் கலம் எழும்பாது, ஓர் ஆள் குறைந்தால் எழும்பும். கேப்டன் கணக்குப் போடுகிறார். முனுசாமியோ கிழங்கு பிடுங்க வெளியே போயிருக்கிறார். கதவு மூடுகிறது. ஊதா மண்ணில் ஒரு புள்ளியாய் முனுசாமி கையை ஆட்டுவது ஜன்னலில் தெரிகிறது. தொடரும்.

திருப்போரூருக்கு விடிகாலை மெட்ராஸ் பஸ்ஸில் வந்துவிடும் பிரதியை நான் பஸ்ஸுக்குள் படித்துக்கொண்டே வந்து இறங்கினேன். கிளம்ப வேண்டிய வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. விசில் வரவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு. முனுசாமிய உட்டுட்டு வந்துட்டானுங்க."

எந்த முனுசாமி என்று தெரியாத வெளியூர்க்காரர்கள் பதறிப்போய்த் தங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள்.

"கெழங்கு புடுங்கப் போனவன் வர்ற வரைக்கும் நிக்க மாட்டியா? டீ குடிக்கப் போன ஒரு ஆளுக்காகத் திருப்போரூர் வண்டிய நான் நிறுத்தி வெச்சிகீறேன்! நீ கேப்டனு! உனக்கு ஒரு தொப்பி கேடு!"

கூண்டை நோக்கி நடந்தவர் கணக்கு டீச்சர். பெண்கள் பள்ளியில் வேலை. தினமும் என் பஸ்ஸில் வருவார். தொடரை அவரும் விடாமல் படிப்பவர்.

"சார், கேப்டன் செஞ்சதுதான் சரி. ஒருத்தருக்காக எல்லாரும் சாகணுமா?"

"யாரும்மா சாவச் சொன்னா? சீட்டுக் குலுக்கிப் போடக் கூடாதா? ஏன், அந்த மாலினி எறங்கக் கூடாதா?"

"டாக்டர் இல்லாம எப்படி சார் அவ்வளவு தூரம் வருவாங்க?"

"சோறு இல்லாம எப்படிம்மா வருவாங்க?"

இந்த வாதம் முழுக்க ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் பஸ் ஸ்டாண்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. கண்டக்டர்களும் ஓட்டல்காரர்களும் முனுசாமி கட்சி. மாணவர்களும் ஆபீஸ்காரர்களும் கேப்டன் கட்சி. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அத்தியாயம் பிரமாதம், மனசைப் பிசையுது" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கென்று தனி அறிவிப்பு. "திருப்போரூர் செல்லும் வண்டி ஐந்தாவது தடத்தில் நிற்கிறது. தாலுக்கா ஆபீஸ் தம்பி மட்டும் நடந்து வரலாம். வண்டிக்குக் கனம் குறையும்."

மூன்றாவதாக ஒரு கட்சியும் கிளம்பியது. அதற்குத் தலைவி அஞ்சலை. மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து தினமும் மீன் கூடையோடு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு வருபவள். கதை கேட்காமல் வியாழக்கிழமை ஊர் திரும்ப மாட்டாள்.

"அட போ அண்ணாத்த. அவன் வேணும்னேதான் நின்னுகிறான். இங்க வந்தா இவனுங்களுக்குத்தான மறுபடியும் ஆக்கிப் போடணும்? கைய ஆட்டுனான்ல? போங்கடா போங்கன்னு ஆட்டிகிறான்."

மார்க்கெட்டுப் பெண்கள் மொத்தமும் அந்தக் கட்சியில் சேர்ந்தார்கள்.

அடுத்த வாரம் விபரீதம் நடந்தது. கேப்டன் பூமிக்குத் தந்தி அடிக்கும் அத்தியாயம் வந்திருந்தது. "முனுசாமி பேரே அதுல இல்ல!" என்று மைக்கு ஒலிபெருக்கியில் கொதித்துக்கொண்டிருந்தபோது, மாமல்லபுரம் வண்டி அறிவிப்பில்லாமலே கிளம்பிப் போய்விட்டது. அதில் போக வேண்டிய தலைமை அலுவலக அதிகாரி ஒருவர், பெட்டியும் கையுமாக மூன்றாவது தடத்தில் நின்றார். இரண்டு நாளில் மெமோ வந்தது. வண்டி முன்னறிவிப்பின்றிக் கிளம்பியதற்கு விளக்கம் தரவும்.

மைக்கு எழுதிய பதிலை அனுப்புவதற்கு முன் எங்களுக்குப் படித்துக் காட்டினார். "ஐயா, வண்டியில் ஓர் அதிகாரி விடுபட்டதற்கு விளக்கம் கேட்கும் தாங்கள், முனுசாமி விடுபட்டதற்கு யாரிடமும் விளக்கம் கேட்காதது வருத்தம் அளிக்கிறது. மேற்படி அதிகாரிக்கு அடுத்த வண்டி இருந்தது. முனுசாமிக்கு இல்லை."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், வேலை போயிடும். உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுங்க."

"எனுக்கு உடம்பு நல்லாத்தாம்மா கீது. மனசுதான் பேஜாராகீது" என்று சொல்லி உறையை ஒட்டினார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அஞ்சலை செய்தி கொண்டுவந்தாள். "கத எழுதுறாரே, அந்த ஆளு எங்க ஊராண்ட ஒரு வூடு எடுத்துத் தங்கிகிறாரு. மெட்ராஸ்ல சத்தமாம், எழுத வரலியாம். எங்கிட்டதான் மீன் வாங்குறாரு. பொஸ்தகத்துல போட்டோவ பாத்துட்டுதான் சொல்றேன், அதே மூஞ்சி."

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கிளம்பினோம். நீதி கேட்க மைக்கு. வழி காட்ட அஞ்சலை. எழுத்தாளருக்கு ஏதும் ஆகாமல் பார்த்துக்கொள்ள டீச்சர். வேடிக்கை பார்க்க நான். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை மைக்கு தன் கண்டனத்தை முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

சவுக்குத் தோப்பை ஒட்டி, கடலைப் பார்த்த சின்ன வீடு. கதவைத் தட்டினோம். பனியனும் கைலியுமாக, கையில் தோசைக் கரண்டியோடு ஒல்லியாக ஒருவர் எட்டிப் பார்த்தார். அந்தக் கேப்டனைப் படைத்தவர் இவர்தானா என்று எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

மைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசத் தொடங்கினார். அப்போதுதான் அந்தப் பயங்கர உண்மை எங்களுக்குத் தெரிந்தது. ஒலிபெருக்கி இல்லாமல் மைக்குக்குக் குரலே கிடையாது. கிசுகிசுவென்று ஒரு சத்தம் வந்தது, அதையும் அலை அடித்துக்கொண்டு போனது.

எழுத்தாளர் காதருகே கையை வைத்துக்கொண்டார். "என்ன? தண்ணி வேணுமா?"

மைக்கு மறுபடியும் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. குரல் மட்டும் வரவில்லை. பார்த்துச் சகிக்காமல் டீச்சர் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டு, கடைசி பெஞ்சுவரை கேட்கும் தன் வகுப்புக் குரலில் எடுத்துச் சொன்னார்.

"உனக்கு மனசாட்சி இருக்கான்னு கேக்கறார் சார்!" உடனே அவசரமாக, "நான் கேக்கலை. நான் கேப்டன் பக்கம்."

மைக்கு அடுத்ததைச் சொன்னார்.

"பேனா கையில இருந்தா யாரை வேணும்னாலும் விட்டுட்டு வந்துடலாமான்னு கேக்கறார்! இது அவர் கேள்வி."

இப்படியே போனது. கேப்டன் கட்சி டீச்சரே குற்றப் பத்திரிகையை முழங்க வேண்டியதாயிற்று. எழுத்தாளர் மிரண்டு, கரண்டியைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டார். "முனுசாமியைச் சாகடிக்கலையே! உயிரோடதானே இருக்கார்? தண்ணி இருக்கு, கிழங்கு இருக்கு, நல்லா சமைக்கவும் தெரியும். அவருக்கு என்ன குறை?"

மைக்கு ஏதோ சொன்னார். டீச்சர் குனிந்து கேட்டார். இந்த முறை உரக்கச் சொல்லவில்லை. சாதாரணக் குரலில் சொன்னார்.

"தனக்குத் தானே ஆக்கி, தனியா உக்காந்து தின்றது ஒரு சாப்பாடா சார்னு கேக்கறார்."

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு ஸ்டவ், இவ்வளவுதான் மைக்குவின் குடும்பம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் யாரும் ஒருநாளும் அதைப் பற்றி நினைத்துப் பார்த்ததில்லை.

எழுத்தாளர் கரண்டியைக் கீழே இறக்கினார். உள்ளேயிருந்து கருகும் வாடை வந்தது. அஞ்சலை மூக்கைச் சுளித்துக்கொண்டு, அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். "அட பாவி மனுசா! நான் குடுத்த சங்கரா மீனையா இப்டிக் கரிச்சி வெச்சிகீற? நவுரு அப்பால!"

அன்று மதியம் எல்லோரும் அங்கேயே சாப்பிட்டோம். அஞ்சலைதான் குழம்பு வைத்தாள். கேப்டன் செய்தது சரியா தப்பா என்று டீச்சரும் மைக்கும் பரிமாறிக்கொண்டே சண்டை போட்டார்கள். எழுத்தாளர் இரண்டு தரப்புக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அப்போதே நான் சந்தேகித்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து வந்த அத்தியாயத்தில் விண்கலம் அந்தக் கிரகத்துக்கே திரும்பிவிட்டது. எப்படி? சமையலறை அரிசி மூட்டைக்கு அடியில் கேப்டன் ஒரு டேங்கைக் கண்டுபிடிக்கிறார். நிறைய எரிபொருள். போய் முனுசாமியை ஏற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டே பூமிக்கு வருகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில் மிட்டாய் வழங்கினார்கள். ஒரு கண்டக்டர் டிரைவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மைக்கு ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் கூண்டைப் பார்த்தோம். ஒலிபெருக்கி கரகரத்தது. வந்த குரல் ஆத்திரத்தில் நடுங்கியது.

"அரிசி மூட்டைக்கு அடியில டேங்கா? இத்தினி நாளா அந்த மூட்டைய தெனம் தூக்கி அரிசி எடுத்தவன் யாரு? முனுசாமி! அவனுக்குத் தெரியாத டேங்கு கேப்டனுக்கு எப்டிடா தெரியும்? முனுசாமிய இட்டாரச் சொன்னேன். ஏமாத்தி இட்டாரச் சொன்னனா? நாலு பேரு வந்து கேட்டா கதைய மாத்திடுவியா? அப்ப உனக்குன்னு ஒண்ணு கெடையாதா?"

கூண்டுக்குக் கீழே டீச்சர் கையைத் தட்டினார். "அதேதான் சார்! கணக்கே உதைக்குது!"

நானும் தட்டினேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த டேங்க் என் தொண்டையில் அடைத்துக்கொண்டிருக்கிறது. வாசகரை அழவைத்துவிட்டு, அடுத்த வாரம் மிட்டாய் கொடுத்துச் சமாதானம் செய்கிறவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

அஞ்சலைக்கு மட்டும் புரியவில்லை. "ஆளு வந்துட்டான்ல? எண்ணெ எங்கேர்ந்து வந்தா உங்களுக்கு இன்னா? ஒத்துமையா சண்ட போடறதுக்கு ஒரு கூட்டம்!"

அன்றைக்கும் இரண்டு வண்டிகள் அறிவிப்பில்லாமல் போயின. மேலிடத்தில் பொறுமை தீர்ந்தது. டீச்சர் நேரில் போய் வாதாடியதில் வேலை தப்பியது. மைக் தப்பவில்லை. ஒருநாள் காலை இரண்டு பேர் ஏணியோடு வந்து, குழாயைக் கழற்றி, வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் மைக்குதான். அன்று முழுக்க அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பத்திரிகைக் கட்டு வந்தது. புதிதாக வேறொரு தொடர் தொடங்கியிருந்தது. மாலையில் மைக்கு அதைப் படித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. உதடு அசைந்தது. அவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால் ரொம்பப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது.

போய் நின்றோம். டீச்சர், அஞ்சலை, கண்டக்டர்கள், நான், எல்லோரும் அந்தத் தகரக் கூண்டுக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. என் பஸ் கிளம்பிப் போனதைப் பார்த்தேன். பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.