பிரிட்ஜ் கதவில், வலப்பக்கம் நான்

வுப்பர்டால், ஜெர்மனி,
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் அம்மாவின் பெருமூச்சுக்கும் உரிய சுந்தரேஸ்வரிப் பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கச்சி தேவமலரின் ஒரே மகள் கம்சனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீங்கள் சுகமாக இருப்பதுதான் இங்கே பிரச்சினை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் அனுப்பினால் அதை ஸ்பீக்கரில் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்க வைத்து, கடைசியில் அம்மாவுக்கே அனுப்பிவிடுவீர்கள். தவிர, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கடிதத்துக்குப் பத்துக்கு ஏழு வாங்கியவள் நான். மிச்ச மூன்றை "அடக்கம் போதாது" என்று ரீச்சர் வெட்டிவிட்டார்.

பெரியப்பா காலமான பிறகு டோர்ட்மண்ட் வீட்டை உங்கள் மகன் மிதுஷன் அண்ணாவிடம் விட்டுவிட்டு, அதே ஊரில் அறுபது தாண்டியவர்களுக்கென்றே கட்டிய கட்டடத்தில் நீங்கள் ஒரு வீடு வாங்கினீர்கள். வாங்கியதில் பிழையில்லை. படம் அனுப்பியதுதான் பிழை. நீச்சல் தடாகம், வாசல்படி இல்லாத குளியலறை, விழுந்தால் இழுக்க ஒரு சிவப்புக் கயிறு, மூன்று மணிக்குக் கேக். அதை முதியோர் இல்லம் என்று நான் சொன்னதற்கு அம்மா பாய்ந்தார். அது முதியோருக்கு 'இல்லை' என்றே சொல்லாத இல்லமாம். முன்பு நீங்கள் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு மாம்பழ மஞ்சள் பட்டு கட்டியபோது, அடுத்த வருடம் அம்மா அதைவிட அகலக் கரை கட்டினார். பட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. இப்போது உங்கள் கட்டடத்திலேயே, உங்களுக்கு ஒரு மாடி மேலே, ஒரு வீடு பார்த்திருக்கிறார். தம்பதியில் ஒருவருக்கு அறுபது ஆனால் போதுமாம். அப்பாவுக்கு அறுபத்தொன்று. அப்பாவின் வயதை அம்மா பெருமையாகச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அதை வாங்க இந்த வீட்டை விற்க வேண்டும். அங்கே என் வயதுக்காரர் வருடத்தில் நாலு கிழமைதான், அதுவும் விருந்தாளியாகத் தங்கலாம். மிச்சம் நாற்பத்தெட்டுக் கிழமைக்கும் என்னை மிதுஷன் அண்ணாவிடம் விடுவதாம். அவர் காலை ஐந்து மணிக்கு எழும்பி இரும்பு தூக்குகிறவர். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், குசினி யன்னலில் தெரியும் தொங்கு ரயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் போய் அந்த இரும்புச் சத்தத்தில் படிக்க வேண்டும். அண்ணாவுக்கோ முழு வீடும் நிலவறையோடு கிடைத்தது. எனக்கு வயிறு எரிகிறது, பெரியம்மா. மறைக்க மாட்டேன்.

ஒரு தாளில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் 'நல்லது', வலப்பக்கம் 'கரைச்சல்' என்று எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து அப்பாவும் அம்மாவும் தினமும் வழக்காடுகிறார்கள்.

"இழுக்காத கயித்துக்கும் மாசாமாசம் காசோ?"

"நீங்கள் விழுந்தால் இழுப்பம்."

"அப்ப காசு வீணாகாமல் நான் மாசம் ஒருக்கா விழவோ?"

"நக்கல் வேண்டாம். லிப்ட் இருக்கு, கீழ டொக்டர் இருக்கிறார்."

"நாளைக்கு விக்கிறதெண்டாலும் அறுபது தாண்டின ஆக்களுக்குத்தான் விக்கலாமாம். அதுகளின்ர காசெல்லாம் பிள்ளையளின்ர கலியாணத்தில போயிருக்கும். ஆர் வாங்குவினம்?"

கரைச்சல் பக்கத்தில் மாதாந்தப் பராமரிப்புக் காசு இருக்கிறது, இடியப்பம் அவிக்க இடமில்லாத குசினி இருக்கிறது, கார் விடும் இடத்துக்குத் தனிக்காசு இருக்கிறது. அதற்கும் கீழே 'கம்சனா' என்று இருக்கிறது.

"அம்மா, காருக்குக் கீழ என்ர பேர் ஏன் கிடக்கு?"

"அது முக்கியத்தின்ர வரிசை இல்லையடி. ஞாபகம் வந்த வரிசை."

"அப்ப கார் முதல் ஞாபகம் வந்ததோ?"

"போய்ப் படி."

ஒரு வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் மனிதப் பிறவி நானாகத்தான் இருப்பேன். அம்மாவின் போன் முகப்பில் பத்து வருடம் என் படம் இருந்தது. இப்போது அந்தக் குளியலறை.

இனி, நீங்கள் லண்டன் கலியாணத்துக்குப் போய்த் திரும்பியபோது உங்கள் கட்டடத்தில் எல்லோரும் உங்களைப் பார்த்து "வடை, வடை" என்று சொன்ன காரணத்துக்கு வருகிறேன். வாங்க முன்னம் இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம் என்றார்கள். உங்களுக்குத் தெரியாமல் செய்து உங்களைத் திகைக்க வைக்க வேண்டும் என்று அம்மா நீங்கள் லண்டனில் நின்ற கிழமையைத் தெரிவு செய்தார். வாங்க முன்னமே அங்கே பாலும் காய்ச்சிவிடுவதாம். கட்டட விதிகள் பதினாறு பக்கம். இந்த வீட்டில் ஜெர்மன் கடுதாசி எது வந்தாலும் வாசித்துச் சொல்வது நான்தானே. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். புகை வரும் எதையும் கொளுத்தக் கூடாது, மீறினால் விற்பனை இல்லை என்ற ஒரு வரி வந்தபோது மட்டும் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மி முடிய, "சாம்பிராணி போடாமல் புது வீட்டில பால் காய்ச்சினால் அரைப் பலன்தானாம்" என்று சொன்னேன். மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, தண்டனை கிடைத்துவிட்டது.

அம்மா பட்டுக் கட்டி, கிழக்குப் பார்த்துப் பானையை வைத்து, பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருக, சாம்பிராணி கூரைக்கு ஏற, ஏழு மாடியிலும் புகை மணி அலறியது. அம்மா ஓடினார். எரியப்போகும் வீட்டிலிருந்து அவர் காப்பாற்றியது வடைச் சட்டியை. நானாகவே இறங்கி வந்தேன். கீழே குளிரில், பிடித்து நடக்கும் உருட்டு வண்டிகளோடு நாற்பது பேர். இரண்டு தீயணைப்பு வண்டிகள். இனி எங்களைத் துரத்திவிடுவார்கள் என்று நான் மனதுக்குள் நடனமாட, அம்மாவுக்கோ பால் காய்ச்சி முடிய முற்றத்தில் சனம் நிற்பதைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை.

"வெறுங்கையோட அனுப்ப ஏலுமே? பிடியடி இந்தச் சட்டியை!"

தீயணைப்புக்காரருக்கு ஆளுக்கு மூன்று. நிர்வாகி கோல்ப அம்மையார் நாலாவது வடையோடு சொன்னார்: "எட்டு வருடத்தில் இவர்கள் எல்லோரும் ஒன்றாக நின்று சிரித்தது இன்றுதான். உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்." விதியாவது, தும்மலாவது. வருகிற வியாழன் கையெழுத்துக்கு ரெர்மின், நேரம் குறித்தாயிற்று.

ஆகவே பெரியம்மா, இந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற உங்களால்தான் முடியும். அந்த இடம் சரியில்லை என்று அம்மாவுக்கு உடனே ஒரு குரல்செய்தி அனுப்புங்கோ. தடாகத்தில் தண்ணீர் பச்சை, கேக்கில் இனிப்பில்லை, லிப்ட் முனகுகிறது, தனிமை தின்கிறது, எதையாவது சொல்லுங்கோ. கொஞ்சம் அழுதால் இன்னும் நல்லது. நீங்கள் சந்தோசமாக இல்லை என்று தெரிந்த மறுகணமே அம்மாவுக்கு அந்த வீடு கசந்துவிடும்.

காமாட்சி அம்பாள் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், குறைந்த படங்களையும் அருளட்டும். அப்பா உங்களை விசாரித்தார். அம்மா உங்கள் திரைச்சீலையின் விலையை விசாரித்தார்.

கால் தொட்டு, கொஞ்சம் காலை வாரியும் வணங்கும்,
கரைச்சல் பக்கத்துக் கம்சனா

பி.கு: முத்திரை தேடிக் குசினிக்குப் போனேன். அங்கே உங்கள் குரல்செய்தி ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்க முன்னமே அனுப்பிவிட்டீர்கள்.

"தேவா, இங்க எல்லா வசதியும் இருக்கடி. கதைக்கத்தான் ஆளில்லை. நேற்று அந்தக் கயித்தை இழுத்தனான். விழேல்லை. ஆரும் வருவினமோ எண்டு பாத்தனான். உன்ர வீட்டில அந்தக் குரங்கு கத்துறதைக் கேக்க எனக்குப் பொறாமையாக் கிடக்கு."

அந்தக் குரங்கு கதவுக்குப் பின்னால்தான் நின்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்து, 'நல்லது' பக்கத்தின் அடியில் 'அக்கா' என்று எழுதினார். இப்போது தாளில் இடப்பக்கம் நீங்கள், வலப்பக்கம் நான்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. நீங்கள் புகழ்ந்தால் அம்மா பொறாமையில் வாங்குவார், அழுதால் பாசத்தில் வாங்குவார். ஒன்றும் சொல்லாமல், வியாழனுக்கு முன்னம் பெட்டியோடு ரயில் ஏறி இங்கே வாங்கோ. என் கட்டில் இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் கிடந்த ஊத்தை உடுப்பை இப்போதுதான் அகற்றினேன். கட்டில் காலில் ஒரு சிவப்புக் கயிறும் கட்டியிருக்கிறேன். மறு நுனி மேல்தட்டில், என் கால் பெருவிரலில். விழ வேண்டாம், சும்மா இழுங்கோ. மாதக் காசு இல்லை. வடை போதும்.