இலைக்குப் பரு எடுத்த டச்சப் மாமா

கடலூரில் ஒரு காலத்தில் யார் முகத்திலும் பரு கிடையாது. மச்சம், தழும்பு, கருவளையம் எதுவும் கிடையாது. நம்பாதவர்கள், 2004 தொடங்கி ஒரு எட்டு வருடம் திருப்பாதிரிப்புலியூர்க்காரர்கள் எடுத்துக்கொண்ட பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களைப் பார்த்துக்கொள்ளலாம். அத்தனையும் எங்கள் டச்சப் மாமாவின் கைங்கர்யம்.

அவருடைய ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கடையில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எங்களுக்குள் சொந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ள. போட்டோ எடுக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி டச்சப் செய்ய அரை நாள் வேண்டும். அவர் எடுத்த போட்டோவை நம்பிப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், காபித் தட்டோடு வந்து நின்ற பெண்ணிடமே "பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டது. இன்னொருவர் வலது கன்னத்து மச்சத்தை அங்க அடையாளமாக எழுதிக் கொடுத்திருந்தார். போட்டோவில் மச்சத்தைக் காணோம் என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மனிதர் சண்டைக்கு வந்தார்.

"மச்சம் உங்க மூஞ்சில பத்திரமாத்தான இருக்குது? போட்டோல வேற எதுக்குங்க?" என்று கேட்டார் மாமா. வந்தவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார்.

ஸ்டுடியோவின் பின்பக்கம் ஒரு மரம் நின்றது. மாமா கடை ஆரம்பித்தபோது இடுப்பு உயரம் இருந்ததாம். நான் பார்த்தபோது மாடியைத் தாண்டிவிட்டது. மத்தியானச் சாப்பாடு, அதற்கு மேல் ஒரு குட்டித் தூக்கம், இரண்டும் அவருக்கு அந்த நிழலில்தான்.

ஒரு மாசி மாதம் புதுச்சேரியிலிருந்து கட்டட ஓனர் வந்தார். மரம் ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாக நின்றது.

"செத்துப்போச்சு. வெட்டிட்டு வண்டி நிறுத்த ஷெட் போடப் போறேன்" என்றார் ஓனர்.

"சாவலீங்க. வருசா வருசம் இப்பிடித்தான் கொட்டும், அப்புறம் துளுத்துக்கும்."

"சரி, இது என்ன மரம்?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருடமாக அதன் கீழே தூங்கியவருக்குப் பெயர் தெரியவில்லை.

"பேரே தெரியாத மரத்துக்கு வக்கீலா வர்றீங்களே! ஞாயித்துக்கெழம ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள பேரச் சொல்லுங்க. உருப்படியான மரம்னா விட்டுடறேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. டீக்கடைக்காரர் காட்டு வாதாம் என்றார். தையல்காரர் இலுப்பை என்று துண்டைப் போட்டுத் தாண்டினார். இலையைக் காட்டி விசாரிக்கலாமென்றால் ஒரு சருகுகூட இல்லை. தூங்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று மாமாவே தினமும் கூட்டி எரித்திருந்தார். மிச்சம் இருந்தது, ஐப்பசியில் புது கேமராவைப் பழகுவதற்காக இதே மரத்தின் இலைகளை அவர் எடுத்த எட்டு போட்டோக்கள்தான். சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். எட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இது பிளாஸ்டிக் இலையா?"

"இல்ல சார், நெசமான மரம்தான்."

"ஒரு பூச்சி கடிச்ச ஓட்டை இல்ல. எல்லா இலையும் ஒரே பச்சை. இப்பிடி ஒரு மரம் உலகத்துலயே கெடையாது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. காம்புல, இலை ஆரம்பிக்கிற எடத்துல ரெண்டு சின்ன முடிச்சு இருக்கணும். இதுல மழமழன்னு இருக்கே."

எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

"அந்த ரெண்டு பருவா?" என்றார் மாமா. "எல்லாக் காம்புலயும் ஜோடி ஜோடியா இருந்துது மாப்ள. ஒரு நாள் பூரா உக்காந்து எடுத்தேன்."

நல்ல வேளை, டச்சப்புக்கு முந்தைய படங்கள் ஒரு சி.டி.யில் இருந்தன. ஆனால் அதைத் தர மனிதருக்கு மனம் வரவில்லை. ஒரு பரு எடுக்காமல் அந்தக் கடையிலிருந்து எந்தப் படமும் வெளியே போனதில்லை. வெள்ளிக்கிழமை வரை சி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை காலையில் பிரின்ட் எடுத்துக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

"பின்னாடி கடை சீல் குத்தல. யார் எடுத்ததுன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

பேராசிரியர் முதல் படத்திலேயே நிமிர்ந்தார். "தான்றி! முடிச்சு அவ்ளோ தெளிவாத் தெரியுது. நல்ல போட்டோப்பா. யாரு எடுத்தது?"

கேட்ட மாத்திரத்தில் சத்தியமாவது ஒன்றாவது. கடைப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு வந்த ஆட்களுக்கு முன்னால் மாமா நின்று, "தான்றி!" என்றார். நான்தான் விளக்கினேன்: திரிபலா சூரணத்தில் போடும் மூன்று காய்களில் ஒன்று இந்த மரத்துடையது. ஓனர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பத்து வருசமா காலைல எனக்கு ஒழுங்கா வயிறு போறதே அந்தச் சூரணத்தாலதாங்க!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரம்பம் திரும்பிப் போனது.

மரம் பிழைத்த தைரியத்தில் உண்மையைச் சொன்னேன். "மாமா, யார் எடுத்ததுன்னு கேட்டாரு. உங்களச் சொல்ட்டேன்."

"அய்யய்யோ! சிரிச்சிருப்பாரே?"

"இல்ல மாமா. நல்ல போட்டோன்னாரு."

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்டோவையா சொன்னாரு?" என்றார். அத்தனை வருடமும் கடைக்கு வந்தவர்கள் தங்கள் முகம் நன்றாக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். போட்டோ நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு கூட்டம் ஜாஸ்தி இல்லாத மத்தியானங்களில் என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். "அந்த புரொபசர் என்ன சொன்னாரு? இன்னொரு வாட்டி சொல்லு மாப்ள" என்பார். நானும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும், பேராசிரியர் சொல்லாத நல்ல வார்த்தைகள் இரண்டைச் சேர்த்தே சொல்வேன்.