என் கைக்குச்சியும் தம்பியின் முகூர்த்தமும்

கணக்கில் நான் புலி என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. (பள்ளியில் வாங்கிய மதிப்பெண்களை யாரும் கேட்காதீர்கள்.) அந்தப் புலியின் மானம் தம்பியின் மணவறையில் போனது.

மூத்தவன் பிறந்ததும், மேல்கைத் தோலுக்கடியில் மூன்று வருடக் கருத்தடைக் குச்சி வைத்துக்கொண்டேன். காலம் முடிந்து எடுக்கப் போனபோது, மாசாய் டவுன் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி தெளிவாகத்தான் சொன்னார்: "எடுத்தா அடுத்த மாசமே கரு தங்கலாம். இப்ப வேணாம்னா வேற வழி பாத்துக்குங்க லா."

நான் கேட்டேனா? என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்யும் சரோ அக்கா, மூன்று மாத ஊசி போட்டவர். நிறுத்திய பிறகு ஒரு வருடம் கழித்துத்தான் அவருக்குத் தங்கியது. மூன்று மாத ஊசிக்கே ஒரு வருடமென்றால், மூன்று வருடக் குச்சிக்கு? விரல்விட்டு எண்ணிக் கணவர் குணாவிடம் அறிவித்தேன்.

"பன்னெண்டு வருஷம் ஆகும்ங்க. கவலையே வேணாம்."

"மிஸ்ஸி வேற மாதிரி சொன்னாங்களே?"

"அவங்களுக்குக் கணக்கு வராது."

அந்த வாரமே தம்பிக்கு நாள் குறித்தார்கள், ஒன்பதரை மாதம் கழித்து. நான் ஒரே அக்கா. தாலியின் மூன்றாவது முடிச்சு என் உரிமை. துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்குக்கே போய்ப் பட்டெடுத்து, இறுக்கமாக ரவிக்கை தைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு. குணா நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். பிரசவமும் முகூர்த்தமும் ஒரே வாரம்!

"நீ வீட்டுல இரு. சித்தப்பா மக கட்டட்டும்" என்றார் அம்மா.

"நான் இருக்கும்போது இன்னொருத்தி கட்டுவாளா? கட்டித்தான் பாக்கட்டுமே!"

முகூர்த்தத்தன்று அந்த ரவிக்கையில் ஒரு கைதான் நுழைந்தது. கடைசியில் குணாவின் அக்காவுடைய ரவிக்கையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மணவறை ஏறினேன். கெட்டிமேளம் முழங்கியது. தம்பி இரண்டு முடிச்சுப் போட்டு விலகினான். நான் குனிந்தேன். காலெல்லாம் ஈரம். (பன்னீர்ச் செம்பை எவனோ தட்டிவிட்டான் என்று திட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன்.)

"அலமாக்! தண்ணிக்குடம் ஒடஞ்சிருச்சு!" என்று அம்மா கத்தினார்.

"அக்கா, முடிச்சு!" என்று தம்பி அலறினான். "முடிச்சப் போட்டுட்டுப் போக்கா!"

வந்த வலியில் ஒன்றுக்கு நாலு முடிச்சாகப் போட்டேன். பயமிருந்தாலும், விட்டுக்கொடுக்கவில்லை என்ற திமிர் குறையவில்லை. என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அதோடு தூக்கிக் காருக்கு ஓடினார்கள். என்ன நினைத்தார்களோ, மேளக்காரர்களும் வாசித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

மாலையில் மகள் பிறந்தாள். மறுபடியும் குச்சி வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பேச்சென்றால் பஞ்சாங்கத்தை அப்புறம்தான் பிரிப்பார்கள். முதலில் யாராவது ஒருத்தி வந்து, குச்சி இருக்கிறதா என்று என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கு, நாள் பாருங்க!" என்று குரல் கொடுப்பாள்.