ஒற்றை முடியில் பாஷாணம்

"அதை மட்டும் சாப்பிட வேண்டாம், பாய்."

"ஏன் சார், நீங்க கறி திங்காட்டி நானும் திங்கப்படாதா?"

தாராவித் தோல் பட்டறையில் டப்பாவைத் திறந்தபடி ஜெயினுலாப்தீன் சிரித்தார். அனந்தகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் செம்பூரில் ஆராய்ச்சிக்கூட வேலையில் இருப்பவன். தோல் பதனிடும் குரோமியம் ஆட்களின் முடியில் ஏறுகிறதா என்று பார்க்க, பாய் உருவிக் கொடுத்த ஒற்றை முடியை மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தான். அங்கே ஒரு பெரிய வளையத்துக்குள் எலெக்ட்ரான்கள் சுற்றிச் சுற்றிப் பறந்தால், ஊசிமுனையைவிட மெல்லிய எக்ஸ்-ரே கதிர் பிறக்கும். அது தொட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை வீசித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

காலையில் தந்தி வந்தது. குரோமியம் சொற்பம், ஆர்சனிக் ஏராளம், முடியின் படம் பின்னால் வரும்.

ஆர்சனிக் என்றால் பாஷாணம். சமைத்து அனுப்புவதோ பாயின் மனைவி மதீனா பீவி. அவன் படித்த துப்பறியும் நாவல்களில் எல்லாம் இப்படி அன்பாகச் சமைப்பவள்தான் கடைசியில் மாட்டுவாள்.

"எனக்குப் பசிக்கறது பாய், இப்படிக் கொடுங்கோ" என்று டப்பாவைப் பிடுங்கினான்.

"ஆட்டுக்கறி சார்."

மாதுங்காவில் வெங்காயத்துக்கே நாள் பார்க்கும் குடும்பம் அவனுடையது. ஒரு கணம் விழித்தான். பிறகு கைதவறியதுபோல் அதைச் சாக்கடையில் கவிழ்த்தான்.

"போவுது விடுங்க. வீடு பக்கத்துலதான" என்று பாய் ஆளனுப்பினார்.

சற்று நேரத்தில் மதீனா பீவியே இரண்டு சட்டிகளோடு வந்து நின்றாள்.

"சாருக்கும் பசியாம்லா. ஒங்களுக்குன்னு கத்திரிக்கா கொழம்பு தனியா வச்சேன். மொத வாய் நீங்கதான் திங்கணும்."

சோற்றைப் பிசைந்தான். வாய்வரை போன கை கீழே இறங்கிவிட்டது.

"அம்மா, பாயோட முடியிலே விஷம் இருக்குன்னு ஜெர்மனியிலேர்ந்து தந்தி வந்திருக்கு, படமும் வரப்போறது. நீங்கதானே கலக்கறேள்?"

தையல் மெசின்கள் எல்லாம் சட்டென்று நின்றன. பாய் மேலே கூரையைப் பார்த்தார். மதீனா பீவி அவன் சட்டைக் கையைப் பிடித்துத் தோல் அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"கலக்கலை சார், தூவுதேன்" என்றாள் ரகசியமாக. "அவரு தலையில இருக்கது டோப்பா. பூச்சி அரிக்கப்படாதுன்னு தோலுக்குத் தூவுத மருந்த அதுலயும் தூவுவேன். பட்டறையில ஒருத்தருக்கும் தெரியாது. படம் வரும்போது அது அவரு சொந்த முடின்னே எழுதி அனுப்பணும்னு அந்த ஜெர்மன்காரங்ககிட்ட கொஞ்சம் சொல்லுதீகளா?"