அப்பா திரும்பப் பணியில் சேர வேண்டிய வெள்ளிக்கிழமை

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்றும், மாமா மருத்துவர் சொன்னபடி தினமும் நடக்கிறார், அல்லது நடந்ததாகவாவது சொல்கிறார் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நலம் என்பதற்குக் கொஞ்சம் தாராளமாகப் பொருள் கொள்ளவும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் ஆளில்லாமல் பேச இருந்த ஒரே இடம் குளியலறை. அதிலும் நேற்றிலிருந்து கட்சிக் கொடிக்கம்புகளைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் எழுதி, உங்கள் ஊருக்கு வரும் தோழி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். அப்பா பல்கலைக்கழகத்தில் எடுத்த மூன்று வருட விடுப்பு இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. 'மீண்டும் பணியில் சேர்கிறேன்' என்ற படிவத்தில் அதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர் பழையபடி பேராசிரியர். கொடுக்காவிட்டால் அந்த வேலை போய்விடும், ஆயுசுக்கும் அரசியல்வாதிதான். படிவம் மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அப்பா அதன்மேல் டீ டம்ளரை வைக்கிறார். நீங்கள் ஒரு போன் போட்டு, "போதும்டா, ஒழுங்கா வேலைக்குப் போ" என்று சொன்னால் கேட்பார். கட்சித் தலைவருக்குப் பயப்படாதவர், உங்கள் குரல் கேட்டால் இன்றும் எழுந்து நின்றுதான் பேசுகிறார்.

"எல்லாம் நல்லா போகுது அக்கா" என்பதற்கு மேல் அவர் உங்களிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். முப்பது வருடம் அரசியல் கோட்பாடு கற்பித்துக்கொண்டு சிவனே என்று இருந்தவரிடம் கட்சித் தலைவர் வந்து, எட்டுப் பக்கத்தில் ஒரு தேர்தல் அறிக்கை எழுதித் தரச் சொன்னார். அப்பா நூற்று நாற்பது பக்கம் கொடுத்தார், அடிக்குறிப்புகள் தனி. தலைவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு கனமாக எழுதுகிறவரை வெளியே விட்டுவைப்பது ஆபத்து என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு தொகுதியையே கொடுத்துவிட்டார். ஓட்டுக் கேட்கப் போன தெருவில் ஒரு அம்மா, "தண்ணி வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்க, வராமல் போவதற்கான காரணங்களை அப்பா அரை மணி நேரம் விளக்கினார். "பாவம், உள்ளதைச் சொல்றாரு" என்று அந்தத் தெருவே அவருக்கு ஓட்டுப் போட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். ஜெயித்த கையோடு, "வித்தியாசம் ரொம்பக் கம்மியா இருக்கு, இன்னொரு தடவை எண்ணிடலாமே" என்று தேர்தல் அதிகாரியிடம் அவரே மனுக் கொடுத்தார். தோற்றுப்போனவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுடுங்க சார், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

அடுத்து மனுக்கள். காலையில் ஆறரைக்கெல்லாம் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். மற்ற அரசியல்வாதிகள் மனுவை வாங்கி, கும்பிட்டு, உதவியாளரிடம் தள்ளிவிடுவார்களாம். அப்பா சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'சாக்கடை நெடுநாளாக அடைத்திருக்கிறது' என்ற வரிக்குப் பக்கத்தில் 'எத்தனை நாள்?' என்று எழுதினார். 'எல்லோரும் அவதிப்படுகிறோம்' என்பதற்கு 'எல்லோரும் என்றால்?' என்று கேட்டார். கடைசியில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு போட்டு, 'முயற்சி தெரிகிறது, திருத்தி எழுதி வருக' என்று திருப்பிக் கொடுத்தார். கல் விழும் என்று நினைத்து நான் ஜன்னலைச் சாத்தினேன். கல் விழவில்லை அத்தை. ஜனங்கள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தார்கள். தையல்காரர் ஒருவர் இரண்டு தாளை நீட்டி, "பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுபது போட்டிருக்கீங்க, எனக்கு அம்பத்தஞ்சு. ரெண்டு பேரும் ஒரே சாக்கடையைத்தானே எழுதினோம்?" என்று சண்டைக்கு வந்தார். அப்பா நியாயம்தான் என்று மறுமதிப்பீடு செய்து ஐந்து மதிப்பெண் கூட்டிக் கொடுத்தார். அவரும் சந்தோஷமாகப் போனார். சாக்கடை மட்டும் அடைத்தபடியே இருந்தது. எங்கள் பகுதிக் கட்சிச் செயலாளர் ஒருவர் உண்டு, மைக்செட் என்று பெயர்; காதோடு ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, மார்க்கெல்லாம் வேணாங்கய்யா. ஒரு கையெழுத்தைப் போட்டு எஞ்சினியர் பக்கம் தள்ளிவிடுங்க."

"படிக்காம எப்படிய்யா கையெழுத்துப் போடறது?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரு இருபது வருஷம் போட்டாருங்கய்யா. கை நடுங்கினதே இல்லை."

இதைவிடப் பெரிய கூத்து சட்டசபையில் நடந்தது. வகுப்பில் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிர்க்கருத்தை முதலில் அதன் ஆட்களைவிட நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகே மறுப்பார். வகுப்புக்கு ஒரு மணி நேரம், சபையில் பத்து நிமிஷம். புதிய சாலைத் திட்டத்தை ஏன் எதிர்க்க வேண்டும் என்று எதிர்க்கட்சிக்காகப் பத்து நிமிஷம் பேசினார், அத்தனையும் தங்கமான வாதங்கள். "இனி நம் பதிலுக்கு வருகிறேன்" என்று அவர் தண்ணீர் குடித்தபோது சபாநாயகர் மணியடித்துவிட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் ஊர்ச் சுவரெல்லாம் அவர்களுடைய சுவரொட்டியில் அப்பாவின் படம். மைக்செட் வந்து, "பாப்பா, நாம அடிச்ச போஸ்டர்ல ஐயா திருடன் மாதிரி இருந்தாரு. அவங்க போட்டதுல மாப்பிள்ளை மாதிரி இருக்காரு" என்றார். ஊரே கேட்டது.

அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். முதலில் கல்வித் துறைக்குத் துணை அமைச்சர். ஒரு கோப்பில் 'இதற்கு எனக்கே விடை தெரியவில்லை' என்று எழுதி வைத்ததால் நூலகத் துறைக்கு மாற்றினார்கள். அங்கே போய் அவர் புத்தகம் படிக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது எடை அளவைத் துறை. போன வாரம் காய்கறிக் கடைத் தராசு ஒன்றின் முன்னால் நின்று, நீதி என்றால் என்ன என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர், "சார், எடுத்த தக்காளியை வாங்கிக்கறீங்களா இல்லையா?" என்று கேட்டாராம். அருமையான எதிர்க்கேள்வி என்று அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சிலாகிக்கிறார்.

எனக்கு முடியலை அத்தை. இதை உங்களிடம் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன். அம்மா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நாவல் நாற்பத்தோராம் பக்கத்தில் நிற்கிறது. கதாநாயகி ரயிலில் ஏறக் காலைத் தூக்கியவள், ஒரு வருஷமாக அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை. நான் நாவலைத் திறந்தால் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். என் அறையில் நாற்காலிகளை அடுக்குகிறார்கள், என் தலையணையில் யாரோ சாய்ந்து உட்காருகிறார்கள், டீ போட்டுப் போட்டு எனக்கு டீ என்றாலே குமட்டுது. எனக்கு வேண்டியதெல்லாம் சத்தமில்லாத ஒரு வீடும், சாயங்காலம் பையோடு வகுப்பிலிருந்து திரும்பி வருகிற ஒரு அப்பாவும்தான். நேற்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அப்பா, வெள்ளிக்கிழமைப்பா."

"ரெண்டு பக்கமும் யோசிச்சிட்டு இருக்கேன்மா."

"மூணு மாசமாவா?"

"ரெண்டு பக்கமும் கனமா இருக்கே."

அதனால்தான் கேட்கிறேன். பக்கம் பார்க்காமல் பேசத் தெரிந்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போன். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தத்தைக் கொடுங்கள்.

உங்கள் ஆசி எனக்கும், உங்கள் திட்டு அப்பாவுக்கும் கிடைக்க வேண்டி,
தம்பி மகள்.

பி.கு.: தோழி நாளை காலைதான் கிளம்புகிறாள் என்பதால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று மத்தியானம் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். "கொண்டுபோய்க் கொடுத்துடும்மா. நீ ரொம்பக் களைச்சுப் போயிட்ட" என்றார், அவ்வளவுதான்.

ஓட்டமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். துறை அலுவலகத்தில் அதே பழைய எழுத்தர்தான். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். "வரட்டும்மா, சார் தாராளமா வரட்டும். நாற்காலி இருக்கு" என்றார். என்ன வகுப்பு கொடுப்பார்கள் என்று கேட்டேன். "வகுப்பா? இந்த வருஷம் அந்தப் படிப்புக்கு யாருமே சேரலைம்மா. போன வருஷம் ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்களும் வேற துறைக்கு மாறிட்டாங்க. சார் காலையில வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கலாம். ஒரு தொந்தரவும் இருக்காது."

அப்பாவின் அறையைத் திறந்து காட்டினார். விடைத்தாள் கட்டுகள் ஜன்னல் வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவே அந்த நாற்காலி. மூன்று மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி முழுவதும் அங்கேதான் இருந்தது. படிவத்தைக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நாற்பது பேர். நடுவில் அப்பா யாரோ ஒரு லாரி ஓட்டுநரோடு உரக்க வாதாடிக்கொண்டிருந்தார். தோற்றுக்கொண்டிருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவ்வளவு சந்தோஷம். "கொடுத்துட்டியாம்மா?" என்று கேட்டார். கூட்டமாக இருந்தது, நாளைக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன்.

ஆகவே அத்தை, போனை மறந்துவிடாதீர்கள். மேலே நான் சொல்லச் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லுங்கள். மூன்று மாதமாக அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால் இப்போது இதை என்னால் சொல்ல முடியவில்லை. திட்டுகிற குரலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நம்ப மாட்டார்.