முப்பத்தொன்றாவது மீட்பு

உலகில் வீரர்கள் இரண்டு வகை. ஒரு காரியத்தை ஒரே முறை செய்து முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் வகை. வரலாறு இவர்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறது. வரலாறு எழுதுகிறவர்களுக்கு எப்போதும் அவசரம். முடித்த அதே காரியத்தை முதலிலிருந்து, முன்பைவிடக் கஷ்டப்பட்டு, யாரும் கேட்காமலேயே முப்பது முறை செய்கிறவர்கள் இரண்டாம் வகை. மனித குலம் இன்னும் தலைநிமிர்ந்து நடக்கிறது என்றால் அது இவர்களால்தான். குறைதீர்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

அவர் முப்பது முறை செய்த காரியம், தன் அக்காவைச் சிறையிலிருந்து மீட்டது.

பதற வேண்டாம். இது 'ஏழு பூட்டுக் கோட்டை' என்ற பழைய கேசட் வீடியோ கேமில் வரும் அக்கா. ஒரு மந்திரவாதி அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோட்டையில் அடைத்துவிடுகிறான். கட்டைவிரல் உயரமுள்ள தம்பி, வாளும் கேடயமுமாக ஆறு பூட்டுகளைத் திறந்து, ஏழாவது கதவின் முன் மந்திரவாதியோடு மோதி, அவளை மீட்க வேண்டும். கண்காணிப்பாளர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருந்தது. அவரும் அவருடைய சொந்த அக்காவும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அக்காவின் இடது கை வீரனை நடத்தும். தம்பியின் வலது கை வாளை வீசும். முதல் மீட்புக்கு ஒரு முழு விடுமுறை பிடித்தது. கடைசிக் கதவு திறந்தபோது இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் முக்காலி உடைந்தது. அடி இருவருக்கும் சமமாகக் கிடைத்தது.

வளர்ந்து, வேலைக்குப் போய், தனிக்குடித்தனம் வந்த பிறகு, பரணில் அந்தப் பழைய கேம் இயந்திரத்தைக் கண்டெடுத்தார். தனியாக உட்கார்ந்து ஒரே பிற்பகலில் ஏழு பூட்டையும் திறந்தார். அக்கா வெளியே வந்தாள். ஆனந்தம் மட்டும் வரவில்லை. ஆட்டம் சுலபமாகிவிட்டதுதான் காரணம் என்று அவர் முடிவுகட்டினார். ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்திருந்தது அவர் கவனத்துக்கு வரவில்லை.

அன்று தொடங்கியதுதான் அவருடைய மாபெரும் தவம். மூன்றாம் முறை கேடயம் இல்லாமல் மீட்டார். ஐந்தாம் முறை மருந்துக் குப்பி எதையும் தொடாமல் மீட்டார். ஒன்பதாம் முறை டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, பதினான்காம் முறை பின்னோக்கி மட்டுமே நடந்து, இருபத்திரண்டாம் முறை தலைகீழாகத் திருப்பிவைத்த டிவியில். ஒவ்வொரு முறையும் அக்கா வந்தாள். ஒவ்வொரு முறையும் ஆனந்தம் வேறு எங்கோ போயிருந்தது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டால் வந்துவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இந்தச் சுயகட்டுப்பாடு மெல்ல அலுவலகத்துக்கும் பரவியது. பேனாவைத் தொடாமல் ஒரு வாரத்தைக் கடந்து காட்டினார். பிறகு, குறைதீர்ப்புப் பிரிவில் ஒரு குறையைக்கூடத் தீர்க்காமல் ஒரு முழுக் காலாண்டைத் தாண்டினார். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. 'புகார்கள் ஏதுமின்றிப் பிரிவு சீராக இயங்குகிறது' என்று அதில் இருந்தது. புகார்களெல்லாம் அவருடைய மேசைக்கு அடியில் இருந்தன.

இத்தகைய சாதனைகள் பதிவாகாமல் போவது நாட்டுக்கு இழப்பு என்று அதே அலுவலகத்தின் ஸ்டோர் கீப்பர் கருதியதால் 'மறுஆட்ட மேற்பார்வைக் குழு' அமைக்கப்பட்டது. ஸ்டோர் கீப்பர் தலைவர். டைப்பிஸ்ட் அம்மா செயலாளர். கண்காணிப்பாளர் விண்ணப்பதாரர். முப்பத்தொன்றாவது மீட்புக்கான நிபந்தனைகளை டைப்பிஸ்ட் அம்மா இரண்டு பக்கத்துக்கு அடித்துக் கொடுத்தார்: வாள் கூடாது, ஒரு காயமும் படக்கூடாது, ஆட்டத்தை நடுவில் நிறுத்தக்கூடாது. விதி ஏழின்படி, விண்ணப்பதாரரின் கைபேசி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடப்பட வேண்டும். நாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணி.

அந்த வாரத் தொடக்கத்தில் அவருடைய சொந்த அக்கா பஸ் படியிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை மாலை கண்காணிப்பாளர் பார்க்கப் போனார். மூன்றாவது மாடி.

"சனிக்கிழமை பதினொரு மணிக்கு அனுப்பிடுவாங்களாம்டா," என்றாள் அக்கா. "சொந்தக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

"டாண்ணு பதினோரு மணிக்கு வந்து நிப்பேன்க்கா."

"என் வீட்டுச் சாவி உங்கிட்டதான் இருக்கு. மறந்துடாத."

"என்னக்கா, சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்ற!"

அக்காவின் மேல் அவருக்கு உயிர். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். படி இறங்கும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தார்: ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பத்தே முக்காலுக்கு ஆட்டம் முடியும், ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம். ஒரே நாளில் இரண்டு அக்காக்களை மீட்ட பெருமையும் சேரும்.

இருந்தாலும் வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையில் குழுவின் முன் விஷயத்தை வைத்தார்.

"தேதிய மாத்திடலாமா சார்?" என்று கேட்டார் டைப்பிஸ்ட் அம்மா.

"தீர்மானத்தத் திருத்தணும்னா மூணுல ரெண்டு ஓட்டு வேணும்," என்றார் ஸ்டோர் கீப்பர். "விண்ணப்பதாரருக்கு ஓட்டு கிடையாது. நான் எதிர்க்கிறேன். உங்க ஒரு ஓட்டுதான் இருக்கு."

ஜனநாயகம் அங்கே வென்றது.

சனிக்கிழமை காலை, கண்காணிப்பாளரின் இரண்டாம் மாடி வீட்டில் குழு முழு எண்ணிக்கையுடன் கூடியது. ஸ்டோர் கீப்பர் அலுவலகத்திலிருந்து ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். கைபேசியும், அதோடு மேசையில் கிடந்த அக்கா வீட்டுச் சாவியும் பிஸ்கட் டப்பாவுக்குள் போயின. ஒன்பது அடித்தது. வீரன் கோட்டைக்குள் நுழைந்தான்.

ஐந்து பூட்டுகள் வரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. ஆறாவதில் வௌவால்கள். அவற்றை வெட்டாமல் கடக்க ஒரே வழி, அவை தாமாகத் தூங்கும்வரை ஒரு தூணுக்குப் பின்னால் நிற்பது. வௌவால்களுக்கு அன்று தூக்கம் வரவில்லை.

பதினொன்று பத்துக்குப் பிஸ்கட் டப்பா அலறியது.

"சார், அக்காவா இருக்கும்," என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"விதி ஏழு," என்றார் ஸ்டோர் கீப்பர்.

"இன்னும் பத்தே நிமிஷம்மா," என்றார் கண்காணிப்பாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அக்காவக் காப்பாத்திட்டு உடனே அக்காவக் கூட்டிட்டு வரப் போயிடுவேன்."

பதினொன்று இருபத்தைந்துக்கு மறுபடி. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னொரு முறை. டைப்பிஸ்ட் அம்மாவின் கை டப்பாவின் மூடிவரை போனது. தலைவர் தொண்டையைக் கனைத்தார். கை திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகு டப்பா சத்தம் போடவில்லை. அக்கா நிலைமையைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று கண்காணிப்பாளர் நிம்மதியடைந்தார்.

பன்னிரண்டரைக்கு வௌவால்கள் ஒரு வழியாகக் கண்ணயர்ந்தன. ஆறாவது பூட்டு திறந்தது. வீரன் ஒரு கீறல்கூட இல்லாமல் ஏழாவது கதவின் முன்னால் போய் நின்றான். கதவோரம் மந்திரவாதி குறட்டைவிட்டுக்கொண்டிருந்தான். வீரன் ஓரடி எடுத்து வைத்தால்தான் அவன் விழிப்பான். கண்காணிப்பாளர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

வாசலில் டக் டக் என்று சத்தம் கேட்டது. டைப்பிஸ்ட் அம்மா போய்க் கதவைத் திறந்தார். இரண்டு ஊன்றுகோல், ஒரு கட்டுப்போட்ட கால், தோளில் ஒரு பை. அக்கா.

இருபத்தெட்டுப் படி ஏறி வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கண்காணிப்பாளரின் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவித் தரையில் விழுந்தது.

"சாவி," என்றாள் அக்கா.

"நேரம் ஓடிக்கிட்டிருக்கும்மா," என்றார் ஸ்டோர் கீப்பர். "ஆட்டத்த நடுவுல நிறுத்த முடியாது."

"தாராளமா ஓடட்டும். நான் உக்காரணும்."

டைப்பிஸ்ட் அம்மா தன் நாற்காலியை விட்டுக்கொடுத்து, காலுக்கு ஒரு தலையணையும் வைத்தார். தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா முழு டம்ளரையும் குடித்து முடித்தாள். கண்காணிப்பாளர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"எப்படிக்கா விட்டாங்க? கையெழுத்து..."

"பக்கத்து பெட்காரம்மாவோட வீட்டுக்காரர் போட்டாரு. பாவம், நான் பெஞ்சுல உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டிருந்தத பாத்திருக்காரு. என்ன விட இருபது வயசு பெரியவர்டா. 'உறவுமுறை'ன்னு இருந்த இடத்துல 'தம்பி'ன்னு எழுதிட்டு, 'தப்பில்லையேம்மா'ன்னு கேக்குறாரு. பையத் தூக்கிட்டு வந்து ஆட்டோவும் ஏத்திவிட்டாரு."

கண்காணிப்பாளருக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அதை மறைக்கக் குனிந்து கன்ட்ரோலரை எடுக்கப் போனார். அக்கா முந்திக்கொண்டு ஊன்றுகோலால் அதைத் தன் பக்கம் இழுத்து எடுத்தாள். பொத்தான் எதையும் அழுத்தவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடது பக்கத்தில் பிளாஸ்டிக் குழிந்து போயிருந்தது. அந்தக் குழியில் அவளுடைய கட்டைவிரல் இப்போதும் சரியாகப் பொருந்தியது.

"இதத்தான் இத்தன வருஷமா ஆடிக்கிட்டிருக்கியா?"

"நம்ம சின்ன வயசுல ஒரு சந்தோஷம் இருந்துச்சேக்கா... அது திரும்ப வரணும்னுதான்."

"வந்துச்சா?"

"இல்லக்கா."

"ஒரு தடவகூடவா?"

"அப்புறம் ஆடின இருபத்தொம்பது தடவையும் வரல."

"எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமேடா," என்றாள் அக்கா. "என் இடது கை சும்மாதான இருந்துச்சு."

ஸ்டோர் கீப்பர் இரண்டு பக்கத்தையும் புரட்டி இதற்கு ஒரு விதி தேடினார். யாரும் ஒரு பொத்தானையும் தொடாமல் பத்து நிமிடம் போயிருக்கும்.

"சார்! அங்க பாருங்க!" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

திரையில், வீரன் அசையாமல் நிற்க, ஏழாவது கதவு தானாகத் திறந்தது. கோட்டை அக்கா வெளியே வந்தாள். குறட்டைவிடும் மந்திரவாதியின் காலை மிதித்துவிடாமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். தம்பியின் எதிரில் வந்து நின்றாள். அடியில் ஒவ்வொரு எழுத்தாக ஓடியதை டைப்பிஸ்ட் அம்மா உரக்கப் படித்தார்:

"கதவு பூட்டவே இல்லை. நீ வருவாய் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்."

வீரனைத் திரும்பிப் பார்க்காமல் கோட்டை அக்கா படியிறங்கிப் போனாள். ஆட்டம் முடிந்தது.

முப்பது முறை ஆடியும் கண்காணிப்பாளர் இந்த முடிவைப் பார்த்ததில்லை. அந்தக் கதவின் முன் அவர் ஒரு முறைகூடச் சும்மா நின்றதில்லை. இப்போது அந்தத் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அவளுடைய கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"தலைவரே," என்றார் மெதுவாக, "இது சாதனையில சேருமா?"

அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

"சேருமாவா!" என்று ஸ்டோர் கீப்பர் எழுந்தேவிட்டார். "வாள் இல்ல, காயம் இல்ல, சண்டையே இல்ல. கடைசிக் கட்டத்துல பொத்தானக்கூடத் தொடல. இதுக்கு மேல ஒரு கட்டுப்பாடு உலகத்துல உண்டா? எழுதுங்கம்மா!"

டைப்பிஸ்ட் அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், அலுவலகச் சான்றுப் படிவத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினார். 'மேற்படி வீரர், தன் அக்காவை மீட்பதற்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.' தலைவர் கையெழுத்திட்டார். செயலாளரும் கையெழுத்திட்டார்.

"குழுவுக்கு வெளியில ஒரு சாட்சி வேணுமே," என்றார் ஸ்டோர் கீப்பர், படிவத்தின் அடிப்பகுதியைக் காட்டி.

"என்கிட்ட குடுங்க," என்றாள் அக்கா.

தாளை முழங்காலில் வைத்து, இரண்டு முறை நிதானமாகப் படித்தாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள். 'உறவுமுறை' என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதினாள். கடைசியாக ஒரு கட்டம் காலியாக இருந்தது: 'சாட்சி இதை நேரில் கண்ட இடமும் நேரமும்.'

டைப்பிஸ்ட் அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டத்தையும் நிரப்பினாள்.

'ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, லிஃப்ட் பக்கத்து பெஞ்ச். பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை.'

படிவம் முழுமையாக இருந்ததால் ஸ்டோர் கீப்பர் முத்திரை குத்தினார்.